நான் அடுத்ததில் வருகிறேன்

மேகமல்லாரி அடுக்ககத்தில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அத்தனை வீட்டிலும் சேர்த்துக் குப்பையைப் பிரித்துப் போடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேதவல்லியின் கட்சி. அந்த ஒருவர் யார் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்.

வேதவல்லிக்கு அறுபத்தொரு வயது. ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்கலாம் என்று போனில் அதட்டியே காலத்தை ஓட்டியவள். அங்கே வண்டிகள் அவள் பேச்சைக் கேட்டன. சோழிங்கநல்லூரில் இந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் மனிதர்கள் கேட்கவில்லை. மீன் கழுவிய தண்ணீரைக் கைகழுவும் தொட்டியில் கொட்டுகிறவர்கள், லிஃப்டில் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்திவிட்டு இறங்கிப் போகிற பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிற பெற்றோர்கள், அடுத்தவர் இடத்தில் காரை நிறுத்திவிட்டு "அஞ்சு நிமிஷம்தானே" என்கிறவர்கள். அந்த ஐந்து நிமிடம் அவள் கடிகாரத்தில் ஒரு நாளும் ஐந்து நிமிடத்தில் முடிந்ததில்லை.

பதினேழு பக்கத்தில் விதிமுறைப் புத்தகம் போட்டாள். மூன்று முறை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தாள். ஒன்பதாம் மாடியில் ஒரு வீட்டில் அதைச் சாப்பாட்டு மேஜையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். அன்றைக்குத்தான் மனிதர்களைக் கைவிட்டு இயந்திரத்திடம் போவது என்று தீர்மானித்தாள்.

இயந்திரத்தைக் கொண்டுவந்தவள் பெனாசிர் என்ற பெண். முப்பது வயது இருக்கும். கம்பெனியில் அதற்கு 'இணக்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கூடம், லிஃப்ட், வண்டி நிறுத்துமிடம், மொட்டை மாடி, சங்க மண்டபம் என்று பொது இடங்களில் மட்டும் கண்கள். ஆளுக்கொரு மணிக்கட்டுப் பட்டை. வெளிவாசல் திறப்பதற்கும் அதுதான் சாவி. யாராவது முறைதவறி நடந்தால் முதல் தடவை பட்டை லேசாகத் துடிக்கும். இரண்டாம் தடவை சுவரிலிருந்து ஒரு பெண் குரல் தன்மையாகச் சொல்லும். மூன்றாம் தடவை பட்டை கறுத்துப்போகும், ஏழு நாள் வாசல் திறக்காது.

"வீட்டுக்காரங்களை வெளியில நிறுத்த முடியாதே," என்றாள் வேதவல்லி. அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது.

"அவங்களுக்கு மூணாவது தடவைக்குப் பதிலா சங்கத்துக்குக் கடிதம் போகும் மேடம். வேலைக்கு வர்றவங்களுக்கும் டெலிவரி ஆளுங்களுக்கும்தான் வாசல்."

"சரி. என் ரூல் புக்கை எப்ப ஏத்தப்போறே?"

பெனாசிர் சிரித்தாள். "அது வேண்டாம் மேடம். இது படிக்காது, பாக்கும். எச்சில் கையால குழம்புச் சட்டியைத் தொடக்கூடாதுன்னு உங்களுக்கு யாராவது எழுதிக் கொடுத்தாங்களா? தொட்டப்போ யார் மூஞ்சி எப்படி மாறிச்சுன்னு பாத்திருப்பீங்க. அவ்வளவுதான். இதுவும் அப்படித்தான். முக்காவாசிப் பேர் என்ன செய்றாங்கன்னு பாக்கும். செய்யாதவங்களை மத்தவங்க எப்படிப் பாக்குறாங்கன்னும் பாக்கும். எது இந்த இடத்தோட வழக்கம்னு தானா பிடிச்சுக்கும்."

"இங்க முக்காவாசிப் பேர் செய்யறதைப் பாத்துக் கத்துக்கிட்டா விளங்கின மாதிரிதான்."

"அதுக்குத்தான் முன்மாதிரிப் பட்டியல்னு ஒண்ணு இருக்கு. எந்த இடத்துலயும் சில பேரைப் பாத்துத்தானே மத்தவங்க நடக்குறாங்க? அந்த மாதிரி பத்துப் பேர் எழுதிக் கொடுங்க மேடம். அவங்க செய்றதுக்கு இது எடை அதிகமாக் கொடுக்கும்."

பத்து வரி போட்ட அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேதவல்லி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். சங்கத் தலைவர் சுந்தரவதனன்? ஏழாம் மாடி நடையில் செருப்பு அலமாரி போட்டு அதன்மேல் துளசித் தொட்டி வேறு வைத்து, கேட்டால் சாமி காரியம் என்கிற ஆள். மூன்றாம் மாடி டாக்டர்? காரைக் கோணலாக நிறுத்தி இரண்டு பேர் இடத்தை அடைக்கிறவர். ஆறாம் மாடிப் பேராசிரியை? பிழியாத துணியைக் காயப்போட்டு ஐந்தாம் மாடியில் மழை பெய்ய வைப்பவள். ஒவ்வொரு பெயராக எழுதி ஒவ்வொரு பெயராக அடித்தாள். கடைசியில் புதுத் தாள் வாங்கி, முதல் வரியில் தன் பெயரை எழுதி, மிச்சம் ஒன்பது வரியையும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"ஒருத்தர்தானா மேடம்?" என்று கேட்டாள் பெனாசிர்.

"உருப்படியா இருந்தா ஒண்ணு போதும்."

ஒரு வாரத்துக்குள் இணக்கம் என்ற பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், 'அத்தை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்து, தன்மையான குரலில் குத்திக்காட்டுகிற ஜீவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? அத்தையால் நடந்தவை அற்புதங்கள். கார்கள் கோட்டுக்குள் நின்றன. பச்சைக் கூடையில் பச்சைக் குப்பை விழுந்தது. சுந்தரவதனனின் செருப்பு அலமாரி துளசித் தொட்டியோடு வீட்டுக்குள் போயிற்று. ஆறு மாதம் வேதவல்லி நிம்மதியாகத் தூங்கினாள். தான் சொன்னால் கேட்காத ஜனங்கள் சுவர் சொன்னால் கேட்கிறார்களே என்ற எரிச்சல் மட்டும் மிச்சம் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணியாகியும் எஸ்தர் வரவில்லை.

எஸ்தர் பெரும்பாக்கத்திலிருந்து வருபவள். பன்னிரண்டு வருடமாக வேதவல்லி வீட்டில் வேலை செய்கிறாள். அதே பதினோராம் மாடியில் இன்னும் இரண்டு வீடு, ஒன்பதாம் மாடியில் இரண்டு. தாமதம் என்பதே கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகவே வேதவல்லி அவளை மதித்தாள். எட்டு ஐந்துக்குப் போன் வந்தது.

"கேட்டாண்ட நிக்கிறேம்மா. உள்ள விட மாட்டேங்குது."

வேதவல்லி இறங்கிப் போனாள். வாசலுக்கு வெளியே, பூந்தொட்டியின் விளிம்பில், ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு எஸ்தர் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வீங்கியிருந்தது புடவைக்கு மேலேயே தெரிந்தது. மணிக்கட்டில் பட்டை கறுத்திருந்தது.

"என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணியும் பண்லம்மா. பின்னாடி லிஃப்ட் ரிப்பேராகி மூணு வாரம் ஆவுது. இந்த முட்டிய வச்சிகினு பதினோரு மாடி ஏற முடில. முன்னாடி லிஃப்ட்ல ஏறினேன். திங்கக்கெழம கையில துடிச்சுது. செவ்வாக்கெழம எல்லாரும் நிக்கசொல்ல அத்தை பேசுச்சு."

"என்ன பேசிச்சு?"

எஸ்தர் தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'எஸ்தர், இந்த லிஃப்ட் உங்கள் வழக்கம் இல்லை. உங்கள் வழக்கம் பின்பக்கம்'னுச்சு. மருவாதியாத்தான் சொல்லிச்சு. நேத்து சாயங்காலம் இறங்கசொல்ல வேற வழியில்லாம மறுபடி ஏறினேன். வெளிய வந்தப்புறம் கறுத்துப்போச்சு."

வேதவல்லிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அப்படி ஒரு ரூலே இங்க கிடையாது. 'பணியாளர்கள் பின்பக்க லிஃப்டைப் பயன்படுத்தவும்'னு முன்னாடி ஒரு போர்டு இருந்ததே, அதை யார் கழட்டினது? பத்து வருஷம் முன்னாடி நான்தானே ஸ்க்ரூடிரைவரை வச்சுக்கிட்டு ஸ்டூல் போட்டு ஏறிக் கழட்டினேன்? நீதானே ஸ்டூலைப் பிடிச்சிக்கிட்டே?"

"ஆமாம்மா. கழட்டினீங்க."

"பின்னே?"

எஸ்தர் நீட்டிய காலை மெல்ல மடக்கினாள். "ஏழு நாள்னு சொல்றாங்க. எதிர்வீட்டம்மா இப்பவே போன் பண்ணிட்டாங்க. அவங்க வீட்ல பெரியவர் படுக்கையில கெடக்குறாரு, ஆள் இல்லாம முடியாது, திங்கக்கெழமைக்குள்ள வரலைன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னாங்க. அவங்க பாத்துட்டா மத்த வீடும் அந்த ஆளையே வச்சுக்கும். அஞ்சு வீடும் போயிடும்மா."

வாசல்காவலரைப் பிடித்து அதட்டினாள். அவர் கையை விரித்தார். சிஸ்டம் விடவில்லை, தான் திறந்தால் தன் பட்டை கறுத்துவிடும் என்றார். ஒரு கதவைத் திறந்துவிட இந்த ஊரில் மனிதன் ஒருவனும் இல்லையா என்று வேதவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். எஸ்தரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அன்று சாயங்காலமே சங்கக் கூட்டத்தைக் கூட்டினாள்.

கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அத்தை பேசியபோது நான்கு பேர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்கள். தலைவர் சுந்தரவதனன் தொண்டையைச் செருமிக்கொண்டார். வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை.

"ரொம்ப வருத்தமான விஷயம் மேடம். நாம யாரும் அப்படிச் சொல்லவே இல்லை. நம்மள்ல யாருக்கும் அந்த மாதிரி எண்ணமே கிடையாது."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அதனால கம்பெனிகிட்ட சொல்லி, இந்த மாதிரி விஷயத்துக்கு மட்டும் குரலை நிறுத்திடச் சொல்லலாம். கையில துடிச்சா போதும். அவங்களுக்கே புரிஞ்சிடும். நாலு பேர் முன்னாடி சத்தமா சொன்னா நமக்கும் ஒரு மாதிரி இருக்கு."

எட்டுத் தலைகள் ஆடின. வேதவல்லி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தை சொன்னதில் இவர்களுக்குத் தகராறே இல்லை. சத்தமாகச் சொன்னதில்தான் தகராறு. "நீங்கள்லாம் மனுஷங்கதானா?" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, கூட்டம் முடிந்தது என்று எழுந்துவிட்டாள். இவர்களில் யாரையோ பார்த்துத்தான் அந்தச் சுவர் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்து, அடுத்த கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கவேண்டும். ஆள் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பெனாசிர் மடிக்கணினியோடு வந்தாள். சங்க அலுவலகத்தில் உட்காருவதற்குள் வேதவல்லி பிடித்துக்கொண்டாள்.

"உன் மெஷின் ஜாதி பாக்குது."

"ஜாதின்னா என்னன்னே அதுக்குத் தெரியாது மேடம். யார் ஏறினாங்க, யார் ஏறலை, அதுதான் தெரியும்."

"அழிச்சிடு அதை."

"அழிக்கிறதுக்கு விதின்னு ஒண்ணு எழுதி வச்சிருந்தாத்தானே அழிக்கலாம்? வழக்கமா இருக்கு. வேலைக்கு வர்றவங்க, குப்பை எடுக்குறவர், தோட்டக்காரர், இவங்க யாரும் குடியிருக்குறவங்ககூட ஒரே லிஃப்ட்ல போறதில்லைங்கறது இதுக்குத் தெரிஞ்ச வழக்கங்கள்லயே ரொம்ப உறுதியானது. குப்பை பிரிக்கிறதை விட உறுதி. பின்னாடி லிஃப்ட் ஓடினவரைக்கும் அது வெளியில தெரியலை. அவங்களே ஒதுங்கிப் போயிட்டிருந்தாங்க."

"யாரைப் பாத்துக் கத்துக்கிட்டுது? பேரைச் சொல்லு. சுந்தரவதனன்தானே?"

பெனாசிர் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

திரையில், வேதவல்லி தினமும் குப்பைக் கூடைகளைச் சோதிக்கப் போகிற பின்பக்கத்து லிஃப்ட் வாசல். கதவு திறக்கிறது. உள்ளே எஸ்தர். வெளியே வேதவல்லி. அவள் சிரித்தமுகமாகக் கையை ஆட்டுகிறாள். "நீ போ எஸ்தர், நான் அடுத்ததுல வரேன்." கதவு மூடுகிறது. அடுத்தது வேறொரு நாள். உள்ளே குப்பை எடுக்கும் தருமய்யா. "நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்." அடுத்தது இன்னொரு நாள். அதே வாசல், அதே சிரிப்பு, அதே வார்த்தை.

"என்ன இது? அவங்க மூட்டை முடிச்சோட இருக்காங்க. இடம் விட்டுக் கொடுத்திருக்கேன். இது மரியாதை."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் மேடம். அதனால எண்ணிப் பாத்தேன். ஆறு மாசத்துல அறுபத்து மூணு தடவை. அதுல நாப்பது தடவை அவங்க வெறுங்கையோட நிக்கிறாங்க."

"அவசரமில்லாம இருந்திருக்கும்."

பெனாசிர் அவளைப் பார்த்தாள். வேதவல்லிக்கே தான் சொன்னது அபத்தமாகக் கேட்டது. அவசரமில்லாத வேதவல்லியை யார் பார்த்திருக்கிறார்கள்? ஒரு நிமிடத் தாமதத்துக்கு ஊரைக் கூட்டுகிறவள், அறுபத்து மூன்று தடவை லிஃப்ட் வாசலில் பொறுமையாக நின்றிருக்கிறாள்.

"எனக்குக் கூட்டம் பிடிக்காது," என்றாள். குரலில் வலு இல்லை.

"சுந்தரவதனன் சாரோட நாப்பத்தேழு தடவை ஏறியிருக்கீங்க மேடம்."

வேதவல்லிக்கு எரிச்சல் பொங்கிப் பொங்கி வந்தது. அதைக் கொட்டுவதற்குத்தான் ஆள் அகப்படவில்லை. சுந்தரவதனன் மேல் கொட்ட முடியாது, அந்த ஆள் பட்டியலிலேயே இல்லை. இந்தப் பெண் மேலும் முடியாது. பத்து வரியில் ஒன்பதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டது யார்?

ஏன் ஏறாமல் நின்றோம் என்று யோசித்துப் பார்த்தாள். வெறுப்பு இல்லை. அருவருப்பும் இல்லை, சத்தியமாக இல்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை. ரயில்வே குடியிருப்பில் பெருக்க வருகிறவர்கள் குழாயடிக்கு வந்தால் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி நகர்ந்து நிற்பாள். முகத்தில் சிரிப்பு மாறாது, 'நீங்க பிடிச்சுக்குங்க' என்றுகூடச் சொல்லுவாள். அதை ஏழு வயதில் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. பலகையை அகற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதுமாக இருந்தது. தனக்குள் இப்படி ஒன்று மாட்டியிருப்பது தெரியாமல், அதைக் கழற்றியதைப் பற்றிப் பெருமை வேறு அடித்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது.

"சரி," என்றாள் கடைசியில். "எஸ்தர் பட்டையைத் திறக்க வழி சொல்லு. ஏழு நாள் காத்திருக்க முடியாது."

"ரெண்டு வழி இருக்கு மேடம். ஒண்ணு, அவங்க வழக்கத்தை மதிச்சு நடக்குறதை இது கண்ணால பாக்கணும். பாத்ததும் திறந்துடும்."

"வாசலையே தாண்ட விடமாட்டேங்குது, உள்ள வந்து எப்படிம்மா மதிச்சு நடப்பா? யோசிச்சுத்தான் பண்ணினீங்களா இதை?"

"விருந்தாளி அனுமதியில ஒரு தடவை நீங்க கூட்டிட்டு வரலாம். ரெண்டாவது வழி, வழக்கமே மாறணும். நீங்க முன்மாதிரி, அதுவும் ஒரே ஆள். நீங்களும் அவங்களும் ஒரே லிஃப்ட்ல ஒரு தடவை சேந்து போனா, இவ்வளவு நாள் தப்பாப் புரிஞ்சுக்கிட்டோம்னு இது எடுத்துக்கும். ஒரே தடவை போதும். ஆனா ரெண்டு பேரும் ஏறணும்."

"அவ்வளவுதானே?" என்றாள் வேதவல்லி. இத்தனை நாளில் முதல்முறையாக ஒரு காரியம் எளிதாக முடியப்போகிறது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு அவளே வாசலுக்குப் போய் நின்றாள். எஸ்தர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். வேதவல்லி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சொல்லவேண்டும் என்று இரவே தீர்மானித்திருந்தாள். அறுபத்து மூன்று என்ற எண்ணையும் சொன்னாள். இரண்டு வழிகளையும் சொன்னாள்.

எஸ்தர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் வேதவல்லியை என்னவோ செய்தது.

"உனக்குத் தெரியுமா? இதை?"

"தெரியாம இன்னாம்மா? பத்து வருசம் முன்னாடியே தெரிஞ்சுக்கினேன். போர்டைக் கழட்டின மறுநாள் சந்தோசமா முன்னாடி லிஃப்ட்ல ஏறினேன். கீழ நீங்க நின்னீங்க. நீ போ, அடுத்ததுல வரேன்னீங்க. ரெண்டு மூணு தபா அப்படி ஆச்சு. அப்புறம் நானே பின்னாடி போயிட்டேன். பாவம், நீங்க எதுக்கு நின்னுக்கினே இருக்கணும்னு."

"அப்பவே மூஞ்சில அடிச்ச மாதிரி கேட்டிருக்கக்கூடாதா நீ?"

"கேக்கலாம். நீங்க தப்பு பண்ணா கையில துடிக்கும். நான் தப்பு பண்ணா கேட்டு மூடும். ரெண்டும் ஒண்ணாம்மா?" என்றாள் எஸ்தர். கோபமாகச் சொல்லவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

உள்ளே போனார்கள். சனிக்கிழமையானாலும் கூடத்தில் கூட்டம். நடைப்பயிற்சி முடித்து வந்தவர்கள், கோயிலுக்குக் கிளம்பியவர்கள். சுந்தரவதனன் செய்தித்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் எஸ்தரைப் பார்த்தார்கள், பிறகு பார்க்காததுபோல் லிஃப்டின் எண்களைப் பார்த்தார்கள்.

கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. வேதவல்லி முதல் ஆளாக ஏறி, திரும்பி நின்று, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "வா எஸ்தர்."

அவள் மணிக்கட்டு துடித்தது. ஆறு மாதத்தில் முதல் தடவை. திடுக்கிட்டுப் போனாள். இப்படித்தான் இருக்குமா? உடம்பு முழுக்கக் கூசியது. எத்தனை பேர் கையில் இதைத் துடிக்க வைத்து ரசித்திருக்கிறாள்.

"வா, ஏறு," என்றாள் மறுபடி, கொஞ்சம் சத்தமாக.

சுவர் தன்மையாகப் பேசியது. "வேதவல்லி அம்மா, இது உங்கள் வழக்கம் இல்லை."

கூடம் கப்பென்று அடங்கியது. யாரோ ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார். வேதவல்லி பொத்தானை விடவில்லை. முகம் சிவந்து, எஸ்தரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். ஒரே ஒரு அடி. ஐந்து வீட்டு வேலையும் திரும்பக் கிடைத்துவிடும், இத்தனை வருட அசிங்கமும் தீர்ந்துவிடும்.

எஸ்தர் லிஃப்டைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். கடைசியில் வேதவல்லியைப் பார்த்து, சிரித்தமுகமாகக் கையை ஆட்டினாள்.

"நீங்க போங்கம்மா. நான் அடுத்ததுல வரேன்."

சொல்லிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து, மாடிப்படிப் பக்கமாக ஒதுங்கி நின்றாள். அவள் பட்டையில் பச்சை வெளிச்சம் வந்தது.

"நன்றி எஸ்தர்," என்றது அத்தை. "உங்கள் வாசல் திறந்துவிட்டது."

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. "நல்லவேளை, சரியாயிடுச்சு," என்றார் சுந்தரவதனன். அவருக்கு உண்மையிலேயே நிம்மதி.

வேதவல்லி பொத்தானை விட்டுவிட்டு வெளியே வந்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேராக எஸ்தரிடம் போனாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணினே? ஏறியிருந்தா எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தியிருக்கலாமே. ஒரு தடவை போதும்னு அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லிச்சே."

"அத்தைக்கு ஒரு தபா போதும்மா," என்றாள் எஸ்தர். "எனக்குப் போதாது. இன்னிக்கு ஏறிடுவேன். நாளைக்கு மறுபடி கதவு தொறக்கசொல்ல நீங்க கீழ நின்னீங்கன்னா? மெஷினு தப்பாக் கத்துக்கினா ஆளக் கூப்ட்டு சரி பண்ணிக்கிலாம். நான் தப்பாக் கத்துக்கினா என் பொழப்பு போயிடும். நீங்க மாறுனத நானும் நாலு நாள் பாக்கணும்ல. பாத்துத்தானம்மா கத்துக்கறது."

எஸ்தர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முதல் படியில் நல்ல காலை வைத்தாள், அடுத்து வீங்கிய காலை இழுத்து வைத்தாள். ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கினாள். பதினோரு மாடி.

பின்னால் லிஃப்டில் சுந்தரவதனனும் மற்றவர்களும் ஏறியிருந்தார்கள். அவர் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இடம் இருக்கு மேடம், வாங்க."

வேதவல்லி படிக்கட்டின் கைப்பிடியில் கையை வைத்தாள்.

"நீங்க போங்க," என்றாள். "நான் அடுத்ததுல வரேன்."

மணிக்கட்டு துடித்தது. பொருட்படுத்தாமல் ஏறினாள். சுவர் இந்தத் தடவை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது. சில படிகள் மேலே எஸ்தரின் காலடிச் சத்தம் நின்றது. பிறகு, முன்னைவிட மெதுவாக, மறுபடி கேட்டது.